அடியில் விட்ட ஒரு கரண்டி

கற்றாழை மடலின் தோலைச் சீவிவிட்டு, கையில் நிற்காமல் வழுக்கும் அதன் சதையைக் கழுவிக் கிண்ணத்தில் போட்டாள் மாவக்கா. அடுப்பில் கொதிக்கும் தண்ணீரின் மேல் இன்னொரு பாத்திரம். அதற்குள் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் உருகிக்கொண்டிருந்தன. ஓட்ஸை ஊறவைத்துப் பிழிந்த பால் ஒரு குவளையில் தயாராக இருந்தது. தரையில் அவள் மகன் குண்டன் மரக்கரண்டியால் தட்டைத் தட்டி ஊரையே கூட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், என் காது போயிடும்டா. அம்மா களிம்பு கிண்டுறேன்ல?" என்றாள். அவன் இன்னும் பலமாகத் தட்டினான்.

மாவக்கா என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். முழங்கை வரை மாவோடு நிற்பதைப் பார்த்துக் கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. கட்டிய கணவரே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

குண்டன் பிறந்த புதிதில் கடைச் சோப்பு போட்டால் அவன் தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்தது. கைபேசியில் யாரோ ஒருத்தி செய்துகாட்டியதைப் பார்த்து இந்தக் களிம்பைக் கிண்டினாள். கொஞ்ச நாளில் பையன் தோல் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவுதான், அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கம்பக்கத்தில் பிள்ளை பெற்றவள், பெறப்போகிறவள் எல்லாருக்கும் ஆளுக்கொரு டப்பா போயிற்று. காசு வாங்கமாட்டாள். "அக்கா, உங்க கைராசியே ராசி" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறே வேண்டாம். தெருப் பெண்கள் கைபேசியில் வைத்திருந்த குழுவில் அவளுக்குத் தனி மரியாதை. புகழ் யாருக்குத்தான் கசக்கும்?

அவளிடம் ஒரு தொழில் ரகசியமும் இருந்தது. ரொட்டிக் கடையில் நேற்றைய மாவில் ஒரு பிடியை எடுத்துவைத்து இன்றைய மாவில் சேர்ப்பார்கள். அந்தப் பிடிதான் புது மாவை உப்ப வைக்கும். அந்தப் பழக்கத்தில் களிம்பு ஜாடியையும் அவள் முழுக்கக் காலி செய்ததே இல்லை. அடியில் ஒரு கரண்டி பழையதை விட்டு, அதன் மேலேயே புதியதை ஊற்றிக் கலப்பாள். குண்டனைக் குணப்படுத்திய முதல் களிம்பின் ராசி அப்படியே தொடர்ந்து வருகிறது என்று ஒரு நம்பிக்கை. அன்றும் ஊற்றினாள், கேக்குக்குக் கிரீம் அடிக்கிற கம்பியால் அடித்தாள். வெள்ளை வெளேரென்று நுரைத்து எழும்பியது.

கைபேசி அடித்தது. நாத்தனார். கணவரின் ஒரே தங்கை, அவளும் கைக்குழந்தைக்காரிதான். மாதம் நிறையுமுன்னே பிறந்த பெண் குழந்தை. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சதா சொறி. அந்தச் சொறிக்குத்தான் மாவக்கா ஆசை ஆசையாக ஒரு டப்பா கொடுத்துவிட்டிருந்தாள்.

"அண்ணி..." குரல் குசுகுசுவென்று வந்தது. "பாப்பாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம்."

"ஐயையோ! என்னடி ஆச்சு?"

"சொறி இருந்த இடமெல்லாம் சீழ் வச்சுருச்சு அண்ணி. உடம்பு அனலா கொதிக்குது. பால் குடிக்க மாட்டேங்குறா. அழக்கூட தெம்பில்ல."

மாவக்கா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். "டாக்டர் என்ன சொல்றாங்க?"

"புண்ணுல கிருமி இறங்கிருச்சாம். தோல்ல என்ன தடவுறீங்கன்னு கேட்டாங்க." நாத்தனார் குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஒண்ணும் தடவலன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"அத்தை பக்கத்துலயே நிக்கிறாங்க, எப்படிச் சொல்றது? வீட்டுல கிண்டுன எதுவும் என் பேத்தி மேல படக்கூடாதுன்னு அன்னைக்கே கறாரா சொன்னாங்கல்ல? நான் அவங்க கண்ணுல படாமத்தான் தடவிட்டிருந்தேன். இப்போ தெரிஞ்சா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. எங்க வீட்டுக்காரரும் கப்பல் வேலைல இருக்காரு. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி. உங்க களிம்பால இருக்காது. உங்களுது இயற்கையாச்சே."

"ஆமாம்டி, என்னுதால இருக்காது" என்றாள் மாவக்கா. சொல்லிவிட்டாளே தவிர, கைபேசியை வைத்த கையோடு ஜாடியைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். கற்றாழை வாசனைதான் வந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். நிறம் மாறவில்லை, புளிப்பு இல்லை, பூஞ்சை இல்லை. குண்டனைத் தூக்கிச் சட்டையைக் கழற்றி முதுகு, அக்குள், தொடை இடுக்கு என்று ஒரு இடம் விடாமல் புரட்டிப் பார்த்தாள். கொழுகொழுவென்று சிரித்தான். இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்கு அவனுக்குக் களிம்பு தடவ அவளுக்குக் கை வரவில்லை.

கணவர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடலாமா?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ வாயத் திறக்காத. அந்தம்மாவுக்கு என் தங்கச்சி கைபட்டாலும் குத்தம், கால்பட்டாலும் குத்தம். இது ஒண்ணு கிடைச்சா போதும், காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அவ அந்த வீட்டுல வாழ வேணாமா?"

"குழந்தைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"பெரிய ஆஸ்பத்திரி. அவங்களுக்குத் தெரியாதா என்ன வைத்தியம் பண்றதுன்னு? நீ என்ன விஷத்தையா குடுத்த? செடில இருந்து எடுத்ததுதானே?"

அவர் கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருக்கிறவர். ஊரில் பாதிப் பொய் இப்படி அன்பினால்தான் சொல்லப்படுகிறது, அதனால்தான் அதைத் தடுக்க ஆளும் இருப்பதில்லை. மாவக்கா எழுந்து போய் ஜாடியை அலமாரியின் மேல்தட்டில் தள்ளிவைத்தாள்.

மறுநாள் கடையில் அவள் கை மாவில் இருந்தது, மனசு ஆஸ்பத்திரியில் இருந்தது. கைபேசியை மேசை மேலேயே வைத்திருந்தாள். அது சும்மா கிடந்தாலும் பயமாக இருந்தது, ஒலித்தாலும் பயமாக இருந்தது. நாத்தனாரிடமிருந்து காலையில் வந்தது ஒரே ஒரு வரி: காய்ச்சல் இறங்கவில்லை.

வழக்கம்போல ஈரத்துணி மூடிய சட்டியைத் திறந்து, நேற்றைய மாவில் ஒரு பிடி எடுத்தாள். குமிழ் குமிழாகப் பொங்கியிருந்தது. இழுத்தால் நூல் நூலாக வந்தது. நேற்று கொஞ்சூண்டு வைத்தது இன்று சட்டி நிறைய வளர்ந்து கிடந்தது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

இதில் இருப்பது உயிர். கண்ணுக்குத் தெரியாத உயிர். ஈரமும் மாவும் கிடைத்தால் தின்று தின்று பெருகும். அதற்காகத்தானே அந்தப் பிடியைப் பத்திரப்படுத்துகிறோம்? அப்படியானால் ஜாடியின் அடியில் அவள் பத்திரப்படுத்தியது என்ன? கற்றாழையின் ஈரம், ஓட்ஸின் பால், அதற்குள் எத்தனையோ முறை விட்டு எடுத்த விரல்கள். புதிதாகக் கிண்டும்போதெல்லாம் அந்தப் பழைய கரண்டிக்கு அவளே தீனி போட்டு வளர்த்திருக்கிறாள். மாவில் என்ன இருந்தாலும் கடைசியில் அடுப்புக்குள் போய் வெந்துவிடுகிறது. களிம்பு எந்த அடுப்புக்குள் போயிற்று? நேராக ஒரு பச்சைக்குழந்தையின் வெடித்த தோலுக்குள் அல்லவா போயிற்று!

"கடவுளே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

அடுப்பு பார்க்கிறவர் திரும்பினார். "என்னம்மா, கையைச் சுட்டுக்கிட்டியா?"

"இல்லண்ணே. நான் கிளம்பணும். முதலாளிகிட்ட சொல்லிடுங்க."

அப்போதுதான் கைபேசி ஒலித்தது. நாத்தனார் விசும்பினாள். "குடுத்த மருந்துக்கு அடங்கலையாம் அண்ணி. என்ன கிருமின்னு பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்களாம், முடிவு வர நாளாகுமாம். அதுவரைக்கும் தாங்குவாளான்னு பயமா இருக்கு அண்ணி."

"நான் வரேன்" என்றாள் மாவக்கா.

வீட்டுக்கு ஓடி ஜாடியை ஒரு பையில் போட்டாள். கணவருக்குக் கைபேசியில் சொன்னாள். "வேணாம்டி, சொன்னா கேளு, குடும்பமே ரெண்டாயிடும்" என்றார் அவர். "குடும்பம் ரெண்டானா பின்னால ஒட்ட வச்சுக்கலாங்க" என்று இவள் வைத்துவிட்டாள். வழக்கமாகக் குண்டனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டில், வர நேரமாகும் என்று சொன்னாள். பேருந்தில் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தவர்கள், உள்ளே ஏதோ விலை உயர்ந்த பொருள் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளுக்கு இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. சொன்னால் நாத்தனார் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை முகத்தில் விழிக்க முடியாமலே போய்விடலாம். இந்த நினைப்பு வந்ததும் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வார்டு வாசலில் சம்பந்தியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனாரின் மாமியார். இரண்டு நாளாக அதே சேலை என்று பார்த்தாலே தெரிந்தது. உள்ளே குழந்தையின் கையில் ஊசி குத்திக் குழாய் இணைத்திருந்தார்கள். அவ்வளவு சின்னக் கையில் அவ்வளவு பெரிய கட்டு. நாத்தனார் கட்டிலோரம் நின்றிருந்தாள். டாக்டரம்மா குனிந்து குழந்தையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவக்கா பையிலிருந்து ஜாடியை எடுத்தாள். அதைப் பார்த்ததும் நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, வேணாம்..."

"டாக்டர்" என்றாள் மாவக்கா. "பாப்பாவுக்கு இதைத் தடவியிருக்கோம். நான் வீட்டுல செஞ்சது. என் நாத்தனார்கிட்ட கோவிச்சுக்காதீங்க, தடவச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

வாசலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா எழுந்து உள்ளே வந்து நின்றார்.

டாக்டரம்மா ஜாடியைத் திறந்தார். "இதுல என்னென்ன இருக்கு? எப்போ செஞ்சது?"

மாவக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். அடியில் விட்ட கரண்டியையும் சொன்னாள். சொல்லும்போது அழுதுவிட்டாள்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் முதலில் அவர் செவிலியைக் கூப்பிட்டார். ஜாடியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். வேறொரு மருந்தின் பெயரைச் சொல்லி உடனே ஏற்றச் சொன்னார். அதற்கப்புறம்தான் இவர்கள் பக்கம் திரும்பினார்.

"வந்த அன்னைக்கே கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். ஒண்ணும் இல்லன்னீங்க. நானும் வழக்கமா வர்ற கிருமின்னு நினைச்சு அதுக்கு மருந்து குடுத்துட்டிருந்தேன். தண்ணிப் பொருள்ல வளர்ற கிருமியே வேற, அதுக்கு மருந்தும் வேற."

"இயற்கையானது தானேன்னு..." நாத்தனார் முனகினாள்.

"கிருமியும் இயற்கைதாம்மா" என்றார் டாக்டரம்மா. "தண்ணி, கற்றாழை, பாலுன்னு ஈரம் சேர்ந்த எதுவும் கெடும். கெட்டுப் போச்சுன்னு வாசனையோ நிறமோ சொல்லும்னு நம்பாதீங்க, பல நேரம் சொல்லாது. நல்ல தோல் தாங்கிக்கும். உங்க பையன் தாங்கிட்டான். வெடிச்ச தோல், குறைமாசக் குழந்தை, இவ எப்படித் தாங்குவா? வீட்டுல செய்யுறது தப்புன்னு நான் சொல்லல. தெரியாம செஞ்சு, ஊருக்கெல்லாம் குடுத்து, டாக்டர்கிட்டயும் மறைக்கிறீங்க பாருங்க, அதைத்தான் சொல்றேன்."

நாத்தனார் மாமியாரைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள். இப்போது இடி விழும் என்று மாவக்காவும் காத்திருந்தாள். விழவில்லை. சம்பந்தியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"இவ தடவுறது எனக்கு முன்னாடியே தெரியும். குழந்தையைத் தூக்கினா அந்த வாசனை அடிக்கும். தலையணைக்கு அடியில டப்பாவையும் பார்த்தேன்."

டாக்டரம்மா அவரையே பார்த்தார். "நான் கேட்டப்போ பக்கத்துலதானே நின்னீங்க? ஏன் சொல்லல?"

"இவ வாயாலயே வரட்டும்னு இருந்தேன்" என்றார். "என் பேச்சைக் கேக்காததுக்கு எல்லார் முன்னாடியும் இவளே ஒத்துக்கணும்னு... நான் சொல்லிட்டா கோள் சொல்லிட்டேன்னு என் பையன்கிட்ட சொல்லுவா. அவளே மாட்டட்டும்னு பார்த்துக்கிட்டே நின்னேன். குழந்தை இவ்வளவு மோசமாகும்னு நினைக்கலையே! நான் பாவி!"

அந்த நிமிர்ந்த முதுகு வளைந்து, அவர் அப்படியே கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்தார். நாத்தனாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், நியாயமாக வந்திருக்க வேண்டும். ஆனால் ஒளித்துத் தடவியவள் எந்த வாயோடு கோபப்படுவது? குனிந்து மாமியாரின் தோளைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். டாக்டரம்மா, "அழுகையெல்லாம் வெளியில வச்சுக்கோங்க, குழந்தை தூங்கட்டும்" என்று மூவரையும் அனுப்பினார்.

காய்ச்சல் உடனே விட்டுவிடவில்லை. அன்று முழுக்க அந்த வராந்தாவில் மூன்று பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்து ஓடிவந்த மாவக்காவின் கணவர் என்ன சொல்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் தேநீர் வாங்கிவந்தார். யாரும் குடிக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் நாலு பேரும் சேர்ந்து எழுந்தார்கள், செவிலி வேறு ஏதோ வேலையாகப் போனதும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள்தான் சூடு மெல்ல இறங்கத் தொடங்கியது. குழந்தை கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதபோது, அந்த அழுகையைக் கேட்டு நாத்தனார் சிரித்தாள். ஜாடியில் இருந்த கிருமியும் குழந்தையின் புண்ணில் இருந்த கிருமியும் ஒன்றுதான் என்று பிறகு பரிசோதனை முடிவும் வந்தது. தாமதிக்காமல் வந்து சொன்னது நல்லதாகப் போயிற்று என்று டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னார். மாவக்காவுக்கு அது பாராட்டாகப் படவில்லை.

முடிவைக் கேட்டதுமே அவளுக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. அவள் கொடுத்த டப்பாக்கள் எத்தனை வீட்டில் இருக்கின்றன! வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து, கைபேசிக் குழுவில் குரலில் பதிந்து அனுப்பினாள்.

"எல்லாருக்கும் மாவக்கா பேசுறேன். நான் குடுத்த களிம்பைத் தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடுங்க. குழந்தைக்குத் தடவாதீங்க. அதுல கிருமி இருக்கு. என் நாத்தனார் பொண்ணு அதனாலதான் ஆஸ்பத்திரில கிடக்குறா. என் தப்புதான். யார் குழந்தைக்காவது தோல்ல ஏதாவது இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, என் களிம்பைத் தடவினோம்னு பேர் சொல்லியே சொல்லுங்க."

அனுப்பும் முன் ஒருமுறை போட்டுக் கேட்டாள். கைராசிக்காரி என்ற பெயர் இந்த ஒரு பொத்தானோடு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அழுத்திவிட்டாள்.

குழுவில் ஒருத்தி, "இயற்கைப் பொருளால அப்படியெல்லாம் ஆகாது அக்கா, சும்மா பயப்படாதீங்க" என்றாள். இன்னொருத்தி, "ஊரான் பிள்ளைங்கன்னா சோதனை எலியா?" என்று சுருக்கென்று கேட்டாள். அதன்பின் அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் தையற்கடைக்காரி.

"அக்கா, என் பையனுக்கு அதைத் தடவினதும் கழுத்துல சீழ்க்கட்டி வந்துச்சு. தானா உடைஞ்சு ஆறிருச்சு. அன்னைக்கே உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். ஆசையா செஞ்சு குடுத்தீங்க, மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன். குழுவுலயும் எல்லாரும் சூப்பர்னு போட்டாங்க, நானும் சூப்பர்னு போட்டேன்."

மாவக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இவள் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த டப்பா நாத்தனார் வீட்டுக்குப் போயே இருக்காது. வார்டுக்குள் போய், குழந்தையை மடியில் வைத்திருந்த நாத்தனாரிடமும் பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாவிடமும் படித்துக்காட்டினாள்.

"பாருங்க அத்தை" என்றாள். "என் மனசு நோகக்கூடாதுன்னு இவ சொல்லல. உங்களுக்குப் பயந்து என் நாத்தனார் சொல்லல. அவ வாழ்க்கைக்குப் பயந்து என் வீட்டுக்காரர் சொல்லாதன்னாரு. நல்ல பேரு போயிடுமேன்னு நானும் ஒரு ராத்திரி முழுக்க வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன்."

சம்பந்தியம்மா பேத்தியின் கட்டுப்போட்ட கையை மெல்லத் தூக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"நீ செஞ்சது தெரியாம செஞ்ச தப்பு. நான் செஞ்சது தெரிஞ்சே செஞ்சது" என்றார். "இனிமே யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போறேன். இயற்கைன்னு நம்பி எதையும் குழந்தை மேல பூசிடாதீங்க, அப்படிப் பூசினா மறைக்காதீங்க. பெரியவங்க நமக்கு மானம், மரியாதை, ரோஷம், பயம்னு போத்திக்க ஆயிரம் இருக்கு. இதுக்குப் போத்திக்க இந்தத் தோல் ஒண்ணுதான்மா இருக்கு."